வாசலுக்கு ஏறும் முக்கோணம்

என்னைத் தூக்குவதற்கு எங்கள் பக்கம் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண மண்டபம், பேங்க், பல் டாக்டர் கிளினிக், எங்கே போனாலும் என் வீல்சேர் படிக்கட்டின் கீழே நின்றதும் நான்கு பேர் ஓடி வந்துவிடுவார்கள். “சித்தெ இருங்க்கா, தூக்கிக்கறமுங்க” என்று ஒருவர் இடது சக்கரத்தைப் பிடிப்பார். இன்னொருவர் வலது சக்கரத்தைப் பிடிப்பார். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தரத்தில் இருப்பேன். மேலே இறக்கி வைத்துவிட்டு, “ஒண்ணும் சிரமமில்லீங்க, நீங்க வெயிட்டே இல்லீங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பீரோவைத் தூக்குகிறவர்கள் பீரோவிடம் சம்மதம் கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான் எனக்கு இருக்கும். உள்ளே கோபம் கொதிக்க, வெளியே “ரொம்ப நன்றிங்க” என்று சிரிப்பேன்.

சில வருடங்களுக்கு முன் பல்லடம் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தபோது ஒரு லாரி சிக்னல் போடாமல் திரும்பியது. அன்றைக்கு இடுப்புக்குக் கீழே நின்றுபோனதுதான். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்கே சலித்துவிட்டது, அதனால் இத்தோடு விடுகிறேன். வேலை போகவில்லை. கோயம்புத்தூரில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலைதான். மோட்டாருக்கும் பம்புக்கும் படம் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் அளவு எழுத வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினாலும் பட்டறையிலிருந்து ஆள் வந்துவிடுவார். அந்தப் பழக்கமோ என்னவோ, வெளியே போகும்போதும் கண் அளந்துகொண்டேதான் இருக்கும்.

அளப்பது ஒன்றைத்தான், முக்கோணத்தின் உயரத்தை. சாய்தளம் என்று பலகையில் எழுதியிருப்பதை எல்லோரும் ரேம்ப் என்றுதான் சொல்வார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் அது ஒரு செங்கோண முக்கோணம். தரையில் கிடப்பது அடிப்பக்கம், நான் ஏறுவது சாய்ந்த பக்கம், ஏறிச் சேர வேண்டியது உயரம். ஓர் அங்குலம் உயர வேண்டுமென்றால் தரையில் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும். அப்போதுதான் என் கையால் நானே சக்கரத்தைத் தள்ளி ஏற முடியும். பத்து என்றால் மூச்சு வாங்கும். ஆறு என்றால் வண்டி பின்பக்கமாகக் கவிழும். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, “பின்னால ரேம்ப் இருக்குதுங்க” என்று மண்டபத்துக்காரர் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனார். சமையல் அண்டாவையும் கேஸ் சிலிண்டரையும் உருட்டி ஏற்றுவதற்குப் போட்டது. நாலடி உயரத்துக்கு ஆறடி நீளம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டார்.

என் தம்பி பல்லடத்துக்கு வெளியே ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தபோது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவனும் அம்மாவும் அங்கே இருப்பதாக ஏற்பாடு. எனக்கும் கீழே ஒரு ரூம், அகலமான கதவோடு, போட்டிருந்தான். எங்கள் வீட்டு வழக்கத்தில், புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகும். அடுத்ததாக வீட்டுக்காரனுடன் பிறந்தவள் நிறைகுடத்தோடு போக வேண்டும். பித்தளைக் குடத்தில் கழுத்து வரை தண்ணீர், மேலே மாவிலை. அவள் உள்ளே போய்க் குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் வீட்டு ஆட்கள் தவிர மற்றவர்கள் நுழைவார்கள், பால் காய்ச்சுவார்கள். அவனுடன் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

குடத்தை யார் எடுப்பது என்று ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், எனக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். பெரியப்பா மகள் ஒருத்தி இருக்கிறாளே, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு வந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போனால் குடம் ஆடும், தண்ணீர் சிந்தும், சிந்தக் கூடாது என்று காரணமும் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

“குடம் நான்தான் எடுப்பேன். யாரும் என்னத் தூக்கக் கூடாது. நானே ஏறி உள்ள வருவேன்.”

“அதுக்கென்னங்க்கா, ரேம்ப் போட்டறலாம். மேஸ்திரிகிட்டச் சொல்லிப்போடறேன்” என்றான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம். காரணம் பிறகுதான் தெரிந்தது. பசு ஏறுவதற்கு எப்படியும் ஒரு சரிவு போட வேண்டியிருந்ததாம். இதற்கு முன் கட்டிய வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாடு படியேற மறுத்து நல்ல நேரம் தாண்டிப்போனதை மேஸ்திரி பார்த்திருக்கிறார்.

இரண்டு வாரத்தில் தம்பி கூப்பிட்டான். “ரேம்ப் ரெடிங்க்கா. சிமெண்ட் பூசியாச்சு. சும்மா ஜம்முனு இருக்குது.”

“அளவு சொல்லு.”

“கீழ தரையில பன்னண்டு அடிங்க. சரிவு வாக்குல பதிமூணு இருக்கும்.”

நான் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். சாய்ந்த பக்கத்தின் வர்க்கத்தில் இருந்து அடிப்பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் உயரத்தின் வர்க்கம். பதிமூன்று பதிமூன்று நூற்று அறுபத்தொன்பது. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. மீதி இருபத்தைந்து. உயரம் ஐந்து அடி.

“அஞ்சடி உயரத்துலயா ஊடு கட்டியிருக்கற? கோயில் கோபுரமா அது?”

“அஞ்சடி எல்லாம் இல்லீங்க்கா. முட்டிக்குக் கொஞ்சம் எச்சா வரும்.”

“அப்ப உன் பதிமூணு தப்பு.”

“பதிமூணுன்னா பதிமூணேவா? முன்னப் பின்ன இருக்கும்.”

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வியாதி. யாரையும் வெட்டிப் பேசக் கூடாது என்கிற மரியாதை அளவு சொல்லும்போதும் வந்துவிடும். பன்னிரண்டரை என்று கறாராகச் சொன்னால் சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடும் என்று, எதையும் முன்னே பின்னே என்றுதான் சொல்வார்கள். மற்ற காரியத்தில் அது ஓடிவிடும். இந்த முக்கோணத்தில் ஓடாது. சரிவு குறைவாக இருக்கும்போது அடிப்பக்கமும் சாய்ந்த பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நீளம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில அங்குலம். டேப் கொஞ்சம் தொங்கினாலே போதும், கணக்கில் உயரம் ஆளுயரத்துக்குப் போய்விடும். அதனால் இந்த மாதிரி இடத்தில் உயரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக் கூடாது, நேராக அளந்துவிட வேண்டும். இதைப் போனில் விளக்கினேன். “சரிங்க்கா, சரிங்க்கா” என்றான். அவன் ஒரு கையால் ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் பிடித்து நானே போய்விட்டேன். வீடு நன்றாகத்தான் இருந்தது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே வருகிறது, நாளைக்கு மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று தம்பி தரையை ஏற்றிக் கட்டியிருந்தான். வாசலில் அந்தப் புதுச் சிமெண்ட் ரேம்ப் பளபளத்தது. மேஸ்திரி ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு கட்டியிருந்தார். “ஏறிப் பாருங்க அம்மணி” என்றார்.

ஏறிப் பார்த்தேன். பாதியில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. மேஸ்திரி பாய்ந்து பின்னால் பிடித்தார். அவர் பிடிக்காவிட்டால் நான் மல்லாந்திருப்பேன்.

“நேத்து ஓட்டிப் பாத்தப்ப மாடு ஏறுச்சுங்களே” என்றார், மெதுவாக.

“மாட்டுக்கு நாலு காலுங்க” என்றேன்.

டியூப் லெவல் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு முனையை வாசல் தரையில் பிடித்து, இன்னொரு முனையைக் கேட் அருகே பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கேட் அருகே அந்த மட்டத்தில் இருந்து கீழே தரை வரை அளந்தால் உயரம். இருபத்தேழு அங்குலம் வந்தது. அப்படியென்றால் சாய்ந்த பக்கம் உண்மையில் பன்னிரண்டடி இரண்டரை அங்குலம்தான், பதிமூன்றெல்லாம் இல்லை. எனக்கு வேண்டியது வேறு கணக்கு. இருபத்தேழு அங்குல உயரத்துக்கு இருபத்தேழு அடி நீளம். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருப்பது பன்னிரண்டு அடி.

மடித்துப் போடுவதுதான் வழி. கேட்டில் இருந்து காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பதினான்கு அடி ஏறி, அங்கே ஒரு சமதளம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டை ஒட்டிப் பதிமூன்று அடி திரும்பி ஏறினால் வாசல். அங்கேயே ஒரு சிமெண்ட் பையைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, “இது நல்லா வருமுங்க. ஆனா…” என்று தம்பியைப் பார்த்தார்.

ஆனால் என்பது கார். அந்த இடம் தம்பி கார் நிறுத்துவதற்கு விட்ட இடம். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறு தோறும் தானே கழுவித் துடைக்கிற கார். தம்பி போய் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். கேட்டைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு மேஸ்திரியிடம், “கார் வெளிய வேப்பமரத்தடியில நின்னுக்கும். உடைச்சுப்போட்டு, அக்கா சொன்னாப்பல போடுங்க” என்றான். நன்றி சொன்னால் அவன் வெட்கப்படுவான் என்று, “குருவி எச்சம் போடும், கவர் வாங்கிக்கோ” என்றேன்.

இதெல்லாம் நடக்கும்போது அம்மாவும் அங்கேதான் இருந்தாள். சமையலறை ஜன்னலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ரேம்ப் பக்கம் திரும்பவே இல்லை. விபத்துக்குப் பிறகு அம்மா அப்படித்தான். எனக்குச் சோறு போடுவாள், தலை வாரிவிடுவாள், உடம்புக்கு ஒன்று என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். வீல்சேரை மட்டும் தொட மாட்டாள். பெயரும் சொல்ல மாட்டாள். ‘அந்த வண்டி’ என்பாள். அதைத் தள்ள வேண்டி வந்தால் தம்பியைக் கூப்பிடுவாள். அம்மாவுக்கு அந்த நாற்காலி மேல் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். சில நாட்களில் என் மேல்தான் கோபமோ என்றும் தோன்றும்.

புது ரேம்ப் தயாரானது. அடுத்த முறை போய் நானே ஏறினேன். ஒருவரும் தொடவில்லை. பதினான்கு அடியும் கை சீராகத் தள்ளியது. சமதளத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டேன். திரும்பி மீதியும் ஏறினேன். மேலே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி கை தட்டினான். மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியே நேராக வாசலுக்குப் போனேன். டொக் என்று முன்சக்கரம் இடித்து நின்றது.

நிலைப்படி.

வாசல்கதவைத் தாங்கும் மரச்சட்டத்துக்குக் கீழே, தரையோடு குறுக்காகக் கிடக்கும் கட்டை. எங்கள் பக்கம் நெலவுப்படி என்பார்கள். தேக்கு, மூன்று அங்குல உயரம். நிலை வைத்த அன்றைக்குப் பூஜை போட்டுப் பூசிய மஞ்சளும் குங்குமமும் இன்னும் அதன் மேல் இருந்தன. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தம்பி மறந்தான், மேஸ்திரி மறந்தார், சரி. அளவே தொழிலாக இருக்கிற நானும் மறந்தேன். டியூப் லெவலை வாசல் தரையில் வைத்துத்தான் அளந்தேன், படி என் கண்ணெதிரே கிடந்தது, ஆனாலும் அது உயரமாகவே தெரியவில்லை. எங்கள் வீடுகளில் அது லட்சுமி இருக்கிற இடம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் கோலம் போடுகிற இடம். அதன் மேல் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, காலை வைக்கவே கூடாது. தாண்டித்தான் போக வேண்டும். சாமியை யார் டேப் வைத்து அளப்பார்கள்? சின்ன வயதில் நான் நிலைப்படி மேல் ஏறி நின்று, இரண்டு பக்கச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுவேன். அம்மா எங்கிருந்தாலும் வந்து கெண்டைக்காலில் ஒன்று வைப்பாள். எத்தனை தரம் வாங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கோயம்புத்தூரில் நான் இருக்கும் வாடகை வீட்டில் நிலைப்படி கிடையாது. தரையோடு தரையாக வண்டி ஓடி ஓடி, அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

“பொடக்காளிப் பக்கம் போனா அந்தக் கதவுக்குப் படி இல்லீங்க” என்றார் மேஸ்திரி. பொடக்காளி என்றால் கொல்லைப்புறம்.

“நெறகொடத்தக் கொல்ல வழியாக் கொண்டு போறதுங்களா?” என்றேன். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“மெசின் வெச்சு அறுத்துறலாமா?” என்று தம்பி கேட்டான். கேட்டுவிட்டு அவனே அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிலைப்படியைப் பார்த்தாள், என் சக்கரத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அந்த வீட்டில் இன்னும் பாத்திரமே வந்திருக்கவில்லை, டீ குடித்த நான்கு டம்ளர்தான். அதையே வெகுநேரம் கழுவினாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் போகும் வழியெல்லாம் அழுகை வந்தது. இருபத்தேழு அங்குலம் ஏறியாகிவிட்டது, மூன்று அங்குலத்தில் வந்து நிற்கிறது.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் இன்னொரு முக்கோணம் போட்டேன். உண்மையில் இரண்டு முக்கோணம். படிக்கு வெளியே ஒரு மரச்சரிவு, உள்ளே ஒரு மரச்சரிவு, இரண்டையும் சேர்த்துப் படிக்கு மேலே பாலம் மாதிரி ஒரு பலகை. உயரம் மூன்று அங்குலம் என்று எழுதினேன். யோசித்துவிட்டு அடித்தேன். பலகை நிலைப்படி மேல் உட்காரக் கூடாது, தொடவே கூடாது, கால் அங்குலம் இடைவெளி வேண்டும். பலகையின் கனம் முக்கால் அங்குலம். மொத்தம் நாலு அங்குலம். ஒவ்வொரு பக்கமும் நாலடி நீளம். கூடத்துக்குள் நாலடி போகும். பால் காய்ச்சி முடித்ததும் மூன்று துண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். சிங்காநல்லூரில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் படத்தைக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டேனே தவிர, மனதில் இன்னொன்று குடைந்தது. படியைத் தொடவில்லைதான். ஆனால் அதற்கு மேலே சக்கரம் போகிறதே. ரோட்டில் எதையெதையோ மிதித்துவிட்டு வருகிற சக்கரம். அம்மாவைக் கேட்காமல் முடியாது. அந்த வாரம் அவள் கிரகப்பிரவேசத்துக்குச் சேலை எடுக்க என் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். படத்தைக் காட்டிச் சொன்னேன்.

“படி மேல படாதும்மா. கால் இஞ்ச் மேலதான் பலகை நிக்கும். ஆனா வண்டி மேலதான் போகும். உனக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லு. கொடத்தப் பெரியப்பா மகளே எடுக்கட்டும்.”

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பலக வரட்டும், பாத்துக்கலாம்” என்றாள். வேண்டாம் என்பதைக்கூட எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை நான் கட்டிலில் இருந்தபடி பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வீல்சேர் நின்றது. அம்மா அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். தொட மாட்டாளே என்று எனக்குத் தூக்கமே கலைந்துவிட்டது. நான் முழித்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “தூசி” என்றாள். சக்கரத்தைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எந்தத் தூசியும் படாமல் சுத்தமாகப் போகட்டும் என்று நினைக்கிறாளாக்கும். அதுவும் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

ஆசாரி பலகையைச் செய்து நேராகப் பல்லடத்துக்கே அனுப்பிவிட்டார். அம்மாவும் ஊர் போய்ச் சேர்ந்தாள். பலகை சரியாகப் பொருந்தியது என்று தம்பி போனில் சொன்னான். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். “வாங்கி உள்ள வெச்சுக்கிட்டாங்க, துணி போட்டு மூடி” என்றான். சாமி ரூமிலா, சாமான் ரூமிலா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

கிரகப்பிரவேசத்தன்று விடியும்போதே வாசல் நிறைய ஆட்கள். பந்தல் போட்டு, வாழை கட்டி, ஸ்பீக்கர் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. என் பெரியப்பா மகன்கள் நான்கு பேர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேம்ப் அடியில் தயாராக நின்றார்கள். “சும்மா நிக்கறமுங்க்கா, ஒரு இதுக்கு” என்றான் ஒருவன். அவனைப் பார்த்துச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

முதலில் பசு. கழுத்தில் மாலையோடு, கன்று பின்னால் வர, என் ரேம்ப்பில் நடந்து, சமதளத்தில் திரும்பி, மேலே போனது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. “மாட்டுக்கே எத்தன சௌரியம் பாருங்க” என்று யாரோ ஒரு பெண் வியந்தார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்ச் சுற்றி, பொடக்காளிக் கதவு வழியாக அதை வெளியே கூட்டிப் போனார்கள். தம்பி உள்ளே இருந்து பலகைகளை எடுத்துக்கொண்டு வந்ததைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். அம்மாவும் கூட ஒரு பக்கம் பிடித்திருந்தாள். அதற்குமேல் ஆட்கள் மறைத்துவிட்டார்கள்.

பெரியம்மா என் மடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அதன் மேல் குடத்தை வைத்தார். கழுத்து வரை தண்ணீர். நான் கையை எடுத்துப் பார்த்தேன், குடம் ஆடாமல் நின்றது. சக்கரத்தைப் பிடித்தேன். சரிவில் ஏறியதும் குடம் என்னோடு சாய்ந்தது. தண்ணீர் மட்டும் சாயவில்லை. முன்பக்க விளிம்பில் கொஞ்சம் கீழே, என் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் மேலே என்று மட்டமாகவே நின்றது. குடத்துக்குள் ஒரு சின்னச் சரிவு. பன்னிரண்டுக்கு ஒன்று. சிந்தவில்லை. பின்னால் நான்கு பேரின் காலடி வருவது கேட்டது, ஆனால் ஒரு கையும் வரவில்லை. சமதளத்தில் நின்றேன். ஸ்பீக்கரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். திரும்பினேன், மீதியையும் ஏறினேன்.

வாசலுக்கு நேரே வந்து பார்த்தால், பலகை போட்டிருந்தது. நிலைப்படியை மறைத்த நடுப்பலகையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. நிலைப்படிக்கு வைப்பது போலவே, வரிசையாக, பொட்டுப் பொட்டாக. பலகை மேலாவது போகலாம் என்றால், அதையும் சாமி ஆக்கிவைத்திருக்கிறார்களே, இனி அதையும் எப்படி மிதிப்பேன்?

வண்டியை நிறுத்திவிட்டேன். அம்மா கதவுக்கு உட்பக்கம் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

“அம்மா, மஞ்சள் பூசியிருக்குதே.”

“நெலவுப்படி மறஞ்சு போகுதில்ல கண்ணு. அதுக்கு வெக்கோணுமில்ல” என்றாள். “கீழ நல்லாப் பாரு.”

பார்த்தேன். மஞ்சள் பலகை முழுக்க இல்லை. நடுவில் ஒரு பட்டை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பட்டை. இடையில் ஒரு கை அகலத்துக்கு இரண்டு பாதை வெறும் மரமாக விட்டிருந்தது. வெறும் மரத்தில் ஒரு துளி மஞ்சள் தெறித்திருக்கவில்லை. என் சக்கரங்களைப் பார்த்தேன். இடது சக்கரத்துக்கு நேராக ஒன்று, வலதுக்கு நேராக ஒன்று. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் பின்சக்கரத்துக்குச் சற்று உள்ளே ஓடும். அதற்கும் சேர்த்து உட்பக்கம் கொஞ்சம் அகலம் விட்டிருந்தது.

“சாண் போட்டு அளந்துக்கிட்டு வந்தேன்” என்றாள் அம்மா. “உன்ற வண்டி வர்றதுக்கு வழி உட்டுருக்கறன் சாமி. நேரா வா.”

நிலைப்படியில் ஏறி நின்றதற்கு என் கெண்டைக்காலில் அடித்த கை அது. அந்தக் கையைத்தான் விரித்து வைத்து, நான் தூங்கும்போது, தொடவே மாட்டாள் என்று நினைத்த சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அளந்திருக்கிறாள். எனக்குக் கண் மறைத்தது. இரண்டு கையும் சக்கரத்தில் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, பாதை தெளிவாகத் தெரிந்த பிறகு, குடத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, அந்த இரண்டு வெறும் கோடுகளின் மேல் நேராக ஏறி உள்ளே போனேன்.